வடசேரி நகைக்கு ஊர்ப் பெயர் உண்டு. செய்தவர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நகை வடிவமைப்பாளர் எல்சா பெரெட்டியைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஒரு பெண் தன் சொந்த ரசனையை மட்டும் நம்பி நகை உலகில் எப்படித் தனியிடம் பிடித்தார் என்பதை அக்கட்டுரை நன்றாகவே சொல்லியிருந்தது. ஆனால் நாகர்கோவிலில் கோயில் நகைப் பட்டறைகள் உள்ள வடசேரிப் பகுதியிலிருந்து கூப்பிடு தொலைவில் வாழ்ந்து, பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் கற்பித்து, அரங்கேற்றத்துக்கான நகைகளுக்காக வடசேரிப் பட்டறைகளின் படியேறி இறங்கும் எனக்கு, அந்தக் கட்டுரையில் ஓரிரு வரிகளில் கடந்துபோன ஒரு செய்திதான் பெரிதாகப் பட்டது. அவர் படைத்த வடிவங்களின் உரிமை கடைசிவரை அவருடைய கையிலேயே இருந்தது என்பதே அந்தச் செய்தி. அதைப் பற்றியும், அதை வைத்து நம் மாவட்டத்தில் சிந்திக்க வேண்டியதைப் பற்றியும் சிறிது விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

பெரெட்டி 1940ஆம் ஆண்டு மே முதல் நாள் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றை நிறுவிய செல்வந்தர். கட்டுப்பாடு மிகுந்த அந்த வீட்டிலிருந்து இளம் வயதிலேயே வெளியேறிய மகள், சுவிட்சர்லாந்தில் மொழிப் பாடமும் பனிச்சறுக்கும் கற்பித்துப் பிழைத்து, உள்ளலங்காரக் கலை பயின்று, பார்சலோனாவில் மாடலாகி, 1968இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே, ஒரு பூ மட்டும் செருகும் அளவுக்குச் சிறிய வெள்ளிக் குடுவை ஒன்றைக் கழுத்தில் தொங்கும் பதக்கமாகச் செய்வித்தார். அதைச் செய்து கொடுத்தவர் ஸ்பெயின் நாட்டு வெள்ளிக் கொல்லர் ஒருவர். 1974இல் அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனியில் சேர்ந்தபோது, அந்த நிறுவனம் ஏறத்தாழ கால் நூற்றாண்டாக வெள்ளி நகையே விற்காமலிருந்தது. வெள்ளி என்றால் கரண்டிக்கும் தட்டுக்கும் உரியது, வசதி படைத்தவர்கள் கழுத்தில் போட மாட்டார்கள் என்பது கடைக்காரர்களின் எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றியவர் பெரெட்டி. வெள்ளியில் செய்து தங்கமுலாம் பூசிய நகையை 'அசல் இல்லை' என்று முகம் சுளிக்கும் நம் ஊர்த் தாய்மார்கள் சிலரைப் பார்க்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருவதுண்டு.

அவருடைய படைப்புகளில் எனக்கு மிகப் பிடித்தது, எலும்பின் வடிவில் அமைந்த அகலமான கைக்காப்பு. சிறுமியாக இருந்தபோது ரோம் நகரின் கப்புச்சின் துறவியரின் நிலவறைக் கல்லறைக்குச் சென்றதும், அங்கே சுவரெங்கும் அடுக்கியிருந்த எலும்புகளில் ஒன்றைக் கையோடு எடுத்து வந்ததும், தாயார் அதைத் திருப்பிக் கொடுக்க வைத்ததும் அவரே பேட்டிகளில் சொன்ன கதை. அந்தக் காப்பு மணிக்கட்டின் புடைத்த எலும்பைத் தழுவிக்கொள்ளும் வண்ணம் வார்க்கப்பட்டிருக்கும். அதனாலேயே இடக்கைக்குத் தனியாகவும் வலக்கைக்குத் தனியாகவும் செய்கிறார்கள். நகையை வரைபலகையில் மட்டும் கண்ட ஒருவருக்கு இது தோன்றியிருக்காது என்பது என் எண்ணம். அணிபவரின் உடலை ஒரு பக்கமும், வெள்ளியின் குணத்தை மறு பக்கமும் தெரிந்துகொண்டு, பட்டறைக்காரரோடு உட்கார்ந்து, வேண்டாததை அரம் போட்டு ராவி ராவிக் குறைத்தால்தான் இப்படிப்பட்ட பொருள் கிடைக்கும். இத்தாலி, ஸ்பெயின், ஜப்பான், சீனா என்று பெரெட்டி தேடிப் போனதெல்லாம் கைவினைஞர்களைத்தான்.

இனி நம் வடசேரிக்கு வருகிறேன். கோயில் நகை என்று ஊர் சொல்லும் இந்த நகைகள், பெயருக்கேற்பத் தெய்வத் திருமேனிகளுக்கும் அரச குடும்பத்தாருக்கும் தங்கத்திலும் மாணிக்கத்திலும் செய்யப்பட்டவை. பரதநாட்டியம் மேடைக் கலையாகப் பரவிய பிறகு, வெள்ளியில் செய்து பொன்பூசிச் செயற்கைக் கெம்பு என்னும் சிவப்புக் கல் பதித்த நகைகள் ஆடுவோருக்கென்று பெருகின. இவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் பார்ப்பவர்கள் 'பழைய டிசைன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு அணிந்து பார்ப்பவருக்குத்தான் அவற்றுள் இருக்கும் அறிவு தெரியும்.

வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கையில் அணியும் இந்த நகை வட்டமாக இருந்தால், கையை மடக்கும்போது தசை புடைத்து நகை இறுகும். கையை நீட்டினால் நழுவும். நடுவில் கூரை முகடு போல் உயர்ந்து இரு பக்கமும் சரிந்து இறங்கும் அதன் வடிவம், தசைக்கு இடம் விட்டு, இறுக்காமலும் நழுவாமலும் நிற்கிறது. கனமான ஜிமிக்கியின் சுமையைக் காது மடலிலிருந்து எடுத்துக் கூந்தலுக்கு மாற்றிவிடுவதற்காகவே மாட்டல் இருக்கிறது. அதன் அழகு இரண்டாவதுதான். ஜடைநாகத்தைத் துண்டு துண்டாகச் செய்து கோத்திருப்பதால்தான் பிள்ளை சுழன்று ஆடும்போது பின்னலோடு சேர்ந்து அதுவும் வளைகிறது. எலும்புக் காப்பை வியந்து எழுதிய தங்கள் கட்டுரையாளர் ஒரு மாட்டலைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால், அதே வியப்புக்கு உள்ளூரிலேயே காரணம் கிடைத்திருக்கும்.

செய்முறையையும் ஓரளவு சொல்ல வேண்டும், ஏனென்றால் வடிவமைப்பு எங்கே நடக்கிறது என்பது அதில்தான் தெரிகிறது. தலையின் பின்புறம் அணியும் வட்ட நகையான ராக்கொடிக்கு, முதலில் வெள்ளித் தகட்டை வட்டமாக வெட்டுவார்கள். அதன்மேல் ஒவ்வொரு கல்லுக்கும் உரிய அறையை மெல்லிய வெள்ளிப் பட்டையால் சுவர் எழுப்பி, வெண்காரமும் பற்றாசுப் பொடியும் வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். அறைகளில் அரக்கைச் சூடாக்கி நிரப்பி, அது இளகியிருக்கும்போதே கல்லை அமர்த்தி, கல்லைச் சுற்றி எஞ்சும் இடுக்குகளில் தங்க ரேக்கை, அதாவது மிக மெல்லிய தங்கத் தகட்டை, எஃகு ஊசியால் அழுத்தி அழுத்தித் திணித்து மெருகேற்றுவார்கள். கல்லுக்கு அடியிலும் ரேக்கு உண்டு. மேடை விளக்கு பட்டவுடன் கெம்பு உள்ளிருந்து எரிவதுபோல் தெரிவது அந்த ரேக்கின் வேலை. ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லிலிருந்து நூலிழை வேறுபட்டிருக்கும் என்பதால், எந்தக் கல் எந்த அறைக்கு, எது நடுவில், எது ஓரத்தில் என்பதைக் கல் கட்டுபவரே அந்த நேரத்தில் முடிவு செய்கிறார். தாளில் வரைந்த படம் அங்கே பாதி வேலைதான்.

ஒருமுறை பத்து வயது மாணவி ஒருத்திக்கு நெத்திச்சூட்டி செய்யச் சொல்லியிருந்தேன். அளவு கொடுத்தது நான். ஆனால் வந்த நகையில் நடுப் பதக்கம் நான் சொன்னதைவிடச் சிறியதாக இருந்தது. காரணம் கேட்டபோது அந்த மூத்த ஆசாரி, "பிள்ளைக்க நெத்தி சின்னதாக்கும் டீச்சர். நீங்க சொன்ன அளவில வச்சா பொட்டை மறச்சிரும்" என்றார். அளவெடுக்க வந்த அன்று பிள்ளையின் முகத்தை அவர் ஒரு நிமிடம் பார்த்திருப்பார், அவ்வளவுதான். இதற்கு வடிவமைப்பு என்று பெயரில்லை என்றால் வேறு எதற்கு அந்தப் பெயரைக் கொடுப்பது?

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நவீன நகை என்றால் பூவும் கொடியும் அன்னமும் இல்லாமல், கோளமும் கனசதுரமும் கோணமுமாக இருப்பது என்று இளையவர்கள் பலர் நினைக்கிறார்கள். நம் பாட்டிமார் வளர்த்த காதில் தொங்கவிட்டிருந்த பாம்படம் வேறென்ன? உருண்டையும் கட்டையும் தட்டுமாக, எந்த உருவத்தையும் நேரடியாகக் காட்டாமல், அரக்கின் மேல் மெல்லிய தங்கத் தகடு போர்த்திச் செய்த அந்த நகை, தென்மாவட்டங்களில் கிராமத்துத் தட்டார்களின் கையில் பிறந்தது. இன்று அது வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கிறது. செய்தவர் பெயர் அங்கும் இல்லை. நம் மாவட்டத்தில் எத்தனையோ பாம்படங்கள் கல்யாணச் செலவுக்கும் மனை வாங்குவதற்கும் உருக்கப்பட்டுவிட்டன. அதைக் குறை சொல்லவும் முடியாது.

நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைத் தங்கள் வாசகர்கள் அறிவார்கள். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் குறியீடு எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதில் பொதுவாகத் தெளிவு இல்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது ஊரின் பெயரைக் காக்கிறது. வேறெங்கோ அச்சில் வார்த்த நகையை நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயரில் விற்கக் கூடாது என்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். அந்தப் பெயரைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்ற பயனாளராக ஒவ்வொரு கைவினைஞரும் தனித்தனியே பதிவு செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் வடசேரியில் ஒருவர் தம் சொந்த யோசனையில் புதிய ஒட்டியாணம் ஒன்றைச் செய்தால், அந்தப் புதுமை யாருடையது என்ற கேள்விக்குப் புவிசார் குறியீட்டில் பதில் கிடையாது. அந்தப் பதில் இருப்பது 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில். புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் அது பதிவு செய்தவருக்கே உரியது. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு: விண்ணப்பிக்கும் முன்பே அந்த வடிவம் வெளியுலகத்துக்குத் தெரிந்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் அது புதியது அல்ல. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் படம் அனுப்பி, அவர் அதை நாலு பேருக்கு அனுப்பி, அதில் ஒருவர் முகநூலில் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

நான் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. எனக்குப் பழக்கமான ஒரு பட்டறைக்கு வெளியூரிலிருந்து ஒரு நகை நிறுவனத்தின் ஆட்கள் வந்து, மரியாதையாகப் பேசி, தேநீர் குடித்து, மாதிரி நகைகளையும் தாத்தா காலத்து வரைபட நோட்டையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்கள். ஆர்டர் தருவதாகச் சொன்னதோடு சரி. சில மாதங்கள் கழித்து, அந்த நோட்டில் இருந்த இரட்டை மயில் பதக்கம், ஒரு சிறகின் வளைவுகூட மாறாமல், ஒரு வடிவமைப்பாளரின் பெயரோடு விளம்பரத்தில் வந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. பட்டறைக்காரரும் அதை விரும்பவில்லை. தொழில் செய்து பிழைக்கிறவர், வழக்குக்கு எங்கே போவார்? அவருக்கு வருத்தமெல்லாம் காசைப் பற்றியது அல்ல. அந்தப் பதக்கத்தை வரைந்தவர் இன்னார் என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும் என்றுதான் சொன்னார்.

இதோடு பெரெட்டியின் வாழ்க்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். டிஃபனி 1837இல் தொடங்கிய நிறுவனம். அவரோ அங்கே வந்து சேர்ந்த தனிமனிதர். ஆனாலும் வடிவங்களின் உரிமையையும் தம் பெயரின் உரிமையையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நிறுவனத்துக்கு உரிமம் மட்டுமே தந்தார். 2012இல் அந்த உரிமத்தை மேலும் 20 ஆண்டுகளுக்கு நீட்டிக்க, 4 கோடியே 73 லட்சம் டாலரை நிறுவனம் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வடிவம் என்பது சொத்து, வீட்டு மனையைப் போலவே அதற்கும் பத்திரம் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். 2021 மார்ச் 18ஆம் நாள் காட்டலோனியாவில், தாமே பல ஆண்டுகளாகச் செப்பனிட்டு மீட்ட சான்ட் மார்த்தி வெல் என்ற சிற்றூரில் அவர் காலமானார்.

ஆனாலும் அவரை அப்படியே பின்பற்றச் சொல்லமாட்டேன். அவருடைய வெள்ளி நகையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் நிறுவனத்தின் பெயர், பெரெட்டியின் பெயர், வெள்ளியின் தரத்தைக் குறிக்கும் 925 என்ற எண், பலவற்றில் ஸ்பெயின் என்ற நாட்டின் பெயர் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பற்றவைத்தவர் யார், மெருகேற்றியவர் யார் என்பது அங்கும் இல்லை. கைவினைஞர்களை அவ்வளவு மதித்தவரின் நகையிலேயே இதுதான் நிலை. வரைபவர் ஓரிடத்திலும் செய்பவர் வேறிடத்திலும் இருக்கும் தொழிலில் இதற்குச் சாக்குப்போக்குகள் சொல்லலாம். வடசேரியில் வரைபவரும் செய்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள், அல்லது ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இருவர். இங்கே அந்தச் சாக்கும் இல்லை.

வடிவமைப்புக் கல்லூரிகளில் படித்துவிட்டு வரும் இளைஞர்களுக்கு எதிராக நான் எழுதுவதாக யாரும் கொள்ள வேண்டாம். கணினியில் முப்பரிமாணமாக வரைந்து, மெழுகில் அச்செடுத்து வார்க்கும் முறை வந்துவிட்டது. அதை வேண்டாம் என்று சொல்வதில் பொருளில்லை. ஆடும் பிள்ளைகளுக்கு எடை குறைந்த நகை வேண்டும், வெளிநாட்டு நிகழ்ச்சிக்குப் பெட்டியில் வைத்து எடுத்துச்செல்லத் தோதாக வேண்டும் என்ற புதிய தேவைகளுக்கு அவர்களால் வழி காண முடியும். என் முன்னாள் மாணவி ஒருத்தி அத்தகைய படிப்பை முடித்துவிட்டு, ஒரு பருவம் முழுவதும் வடசேரியில் கல் கட்டுபவர் ஒருவரின் அருகில் அமர்ந்து வேலை கற்றாள். அவள் கணினியில் வரைந்த ஜிமிக்கியின் குடையைப் பார்த்த அவர், இந்த இடத்தில் ரேக்கு பிடிக்காது, சுவர் இன்னும் சற்று உயர வேண்டும் என்று சொல்ல, அவள் அன்றே திருத்தினாள். இப்படி இருவரும் அருகருகே இருந்தால் யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் சண்டையே வராது. தூரத்திலிருந்து கைப்பேசியில் படம் பிடித்துப் போகும்போதுதான் வருகிறது.

ஆகவே எனது வேண்டுகோள்கள் மிக எளியவை. மாவட்டத் தொழில் மையம், வடசேரியிலேயே ஒரு நாள் முகாம் வைத்து, அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிவு செய்வதையும், புதிய வடிவத்தைப் பதிவு செய்வதையும் தமிழில் விளக்கி, விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பிக் கொடுக்கலாம். படம் வெளியே போகும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்ற ஒரு செய்தி ஒவ்வொரு பட்டறைக்கும் போய்ச் சேர்ந்தாலே பாதி இழப்பு நிற்கும். பழைய வரைபட நோட்டுகள் கரையானுக்கும் ஈரத்துக்கும் போகுமுன், அவற்றை உரிய குடும்பங்களின் பெயரோடும் ஒப்புதலோடும் மின்படியாக்கிப் பாதுகாக்கும் வேலையை நம் மாவட்டக் கல்லூரிகளில் ஏதேனும் ஒன்று எடுத்துச் செய்யலாம். இவ்வேலை நடந்தால், பரம்பரை வடிவத்தை இனி ஒருவர் தன் புதுப்படைப்பு என்று பதிவு செய்ய வரும்போது, இது முன்பே இருந்தது என்று காட்ட ஆதாரமும் கிடைக்கும். பூம்புகார் போன்ற அரசு விற்பனை நிலையங்களில் விலைச்சீட்டில் விலையோடு செய்தவர் பெயரையும் அச்சிட ஆகும் செலவு என்ன?

என்னைப் போன்ற நடன ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அரங்கேற்ற அழைப்பிதழில் மிருதங்கம், வயலின், ஒப்பனை, ஒளியமைப்பு, ஒலியமைப்பு, புகைப்படம் என்று அனைவருக்கும் பெயர் போடுகிறோம். பிள்ளையின் தலை முதல் இடுப்பு வரை இருக்கும் நகைகளைச் செய்தவருக்கு மட்டும் போடுவதில்லை. எங்கள் பள்ளியின் அடுத்த அழைப்பிதழில் அதையும் சேர்க்க எண்ணி, உரியவரிடம் ஒப்புதல் கேட்டேன். தகடு வேலை தம்முடையது, கல் கட்டியது தம் மைத்துனர், மெருகு போட்டது அடுத்த தெருவில் உள்ள இன்னொருவர், போட்டால் மூவர் பெயரையும் போட வேண்டும் என்றார். அச்சகத்தில் சொல்லி இடம் ஒதுக்கச் செய்திருக்கிறேன்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை. மார்கழி வந்தால் நாட்டிய நிகழ்ச்சிகளின் வண்ணப் படங்களைத் தாங்கள் பக்கம் பக்கமாக வெளியிடுகிறீர்கள். அப்படங்களின் கீழ் ஆடியவர் பெயரோடு, தெரிந்த இடங்களில் நகை செய்தவர் பெயரையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். ஞாயிறு இணைப்பில் அயல்நாட்டு வடிவமைப்பாளர்களைப் பற்றிய தொடர் நீடிக்குமானால், ஒரு வாரம் தங்கள் செய்தியாளரை வடசேரிக்கு அனுப்பிவையுங்கள். பட்டறைகளை அடையாளம் காட்டவும், உடன் வரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். மாலை வேளையில் வந்தால் கல் கட்டுவதைப் பார்க்க முடியாது; நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதால் அந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நடன ஆசிரியை,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.